டிரான்ஸ்மிட்டர் மாற்ற அனுமதி வாங்கியவர்களின் அனுபவங்கள்

காட்பாடிவாசி:
எங்கள் கல்லூரிச் சமூக வானொலியின் பழைய டிரான்ஸ்மிட்டர் வேலூர் வெயிலில் சூடேறி அடிக்கடி நின்றுபோனதால், டிஜிட்டல் எக்சைட்டர் (ஒலிபரப்பு அலையை உருவாக்கும் பகுதி) கொண்ட புதியதற்கு விண்ணப்பித்தோம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துடனான ஒப்பந்தம், டபிள்யூபிசி (தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவு) உரிமம், கோபுரம் நிற்கும் இடத்துக்கான சாக்ஃபா குழுவின் அனுமதி எல்லாம் இங்குள்ளவர்கள் அறிந்தவை என்பதால், விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர்களிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புக்கு நேராக வருகிறேன். "உங்கள் கோபுரம் காட்பாடியில் இருக்கிறதா, திருவலம் பக்கம் வயலில் இருக்கிறதா?" என்று மறுமுனையில் கேட்டார்கள். கைபேசி காட்டிய 12.97, 79.14 என்ற தசம எண்களை, பாகை நிமிடமாக மாற்றாமல் விண்ணப்பப் படிவத்தில் அப்படியே நிரப்பியிருந்தேன். 97 நிமிடம் என்று ஒன்று கிடையாது என்பதால் அட்சரேகையைப் படிவமே மறுத்தது. அதை மட்டும் திருத்தினேன். தீர்க்கரேகையில் 14 என்பதை அது ஏற்றுக்கொண்டதால் நானும் ஏற்றுக்கொண்டேன். அது 8 நிமிடம் 24 விநாடி என்று இருந்திருக்க வேண்டும். கோபுரம் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. கையெழுத்திட்டவன் நான் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

குடியாத்தம் கேபிள்காரர்:
வானொலிக்காரர்கள் இதைப் பெரிய துன்பமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்களுக்காவது விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கோபுரம் வழியான தொலைக்காட்சி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியது என்பதால், உள்ளூர் அலைவரிசை நடத்தும் எங்களைப் போன்றவர்கள் கம்பியைத்தான் நம்பியிருக்கிறோம். அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய காலத்தில், வழக்கம்போல் தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சென்றிருந்தேன். ரசீதை நீட்டிய ஊழியர், எங்கள் தெருவுக்குச் செட்டாப் பாக்ஸ் எப்போது வரும் என்று கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் பதிலுக்குத் திரும்பியதை மறக்க முடியவில்லை, ஏனெனில் என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
கேபிள்காரர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார். கம்பியில் போவது விமானத்தின் வழியில் குறுக்கிடாது; கோபுரம் குறுக்கிடலாம். என் அனுபவம் ஒரு வரிதான்: ஒரு நிலையத்தில் உரிமத் திருத்தம் வருவதற்கு முன்பே புதிய கருவியை ஆன்டெனாவில் இணைத்து வைத்திருந்ததைக் கண்டு, நானே கேபிளைக் கழற்றினேன். காட்பாடி நண்பர் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அனுமதி வரும்வரை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைத்து, அலை வெளியே போகாமல் திறனை வெப்பமாக்கும் கருவி) மட்டும் ஓட்டிப் பாருங்கள். 100 வாட் வரம்பு என்பது கருவியின் மேல் ஒட்டியிருக்கும் எண் அன்று; கேபிளில் இழப்பது போக, ஆன்டெனா கூட்டித் தருவதும் சேர்ந்து வெளியேறும் பயனுறு திறனுக்கான வரம்பு. ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டரைத் தாண்டக் கூடாது, 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது. அப்துல்லாபுரம் விமானத் தளம் அருகில் இருப்பதால், கோபுரம் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் கூகுளில் பார்த்து எழுதாமல் முறையாக அளந்து எழுதுங்கள். கோபுரத்தின் மொத்த உயரத்தில் உச்சியிலுள்ள இடிதாங்கியும் அடங்கும்.

காட்பாடிவாசி:
ஐயா, தீர்க்கரேகையைத் திருத்தி அனுப்பிவிட்டோம். இடிதாங்கியைச் சேர்க்கவில்லை. நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் ஆளை மேலே ஏற்றி அளக்கச் சொல்கிறேன்.