பள்ளியிலிருந்து அந்தக் கடிதம் வந்தால்: இங்கிலாந்து பிரைமரி பள்ளியில் பி.எஸ்.எச்.இ பாடம்

இங்கிலாந்துக்கு வந்து பிள்ளையைப் பிரைமரி பள்ளியில் சேர்த்தவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பாலியல் கல்வி நடத்தப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அந்த வகுப்புக்கு அனுப்பாமல் இருக்க முடியுமா?"

முடியும், ஆனால் ஒரு சிறு பகுதிக்கு மட்டும்தான். அனுப்ப மாட்டேன் என்று எழுதும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என் மூத்த மகள் இயர் 5 (ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படித்தபோது நானும் அப்படி ஒரு கடிதம் எழுதி, காலையில் கொடுப்பதற்காக அவள் பையிலேயே வைத்திருந்தேன்.

முதலில் இந்தப் பாடம் என்ன என்று பார்ப்போம். பள்ளியில் இதைப் பி.எஸ்.எச்.இ என்பார்கள். தன்னைப் பற்றியும், மற்றவர்களோடு பழகுவது பற்றியும், உடல்நலம் பற்றியும் பேசும் பாடம். சில பள்ளிகளில் வாரம் ஒரு வகுப்பு இருக்கும், சில பள்ளிகளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இதற்குள்ளே உறவுக் கல்வி, உடல்நலக் கல்வி என்று இரண்டு உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசு பிரைமரி பள்ளிகளில் இவை இரண்டும் கட்டாயம். நல்ல நண்பன் எப்படி இருப்பான், யாராவது சீண்டினால் என்ன செய்வது, இணையத்தில் முகம் தெரியாதவர் பேசினால் என்ன செய்வது, போதிய தூக்கம், பல் துலக்குவது, அவசர உதவிக்கு 999-ஐ எப்படி அழைப்பது, அடிப்படை முதலுதவி என்று பெரும்பகுதி இப்படித்தான் போகும். இதில் எதை நாம் வேண்டாம் என்போம்?

பூப்பும் மாதவிலக்கும் உடல்நலக் கல்விக்குள் வருகின்றன. அதனால் அவற்றிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. அறிவியல் பாடத்தில் வருவதிலிருந்தும் விலக்க முடியாது. கரு எப்படி உண்டாகிறது என்பது போன்ற, அறிவியலுக்கு அப்பாற்பட்ட பாலியல் கல்வி பிரைமரியில் கட்டாயம் கிடையாது. நடத்த வேண்டும் என்று அரசு பரிந்துரைக்கிறது, இயர் 5 அல்லது இயர் 6 அதற்குப் பொருத்தம் என்கிறது. அந்த வகுப்பிலிருந்து மட்டும் விலக்கக் கேட்கலாம். பிரைமரியில் நீங்கள் கேட்டால் ஹெட் டீச்சர் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். அன்று இரவு என் கணவர், "எதைக் காட்டப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கொடு" என்றார். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, வகுப்பு ஆசிரியைக்கு மெயில் போட்டேன். மறுநாள் பள்ளி விட்டதும் அவர் என்னைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்து எல்லா ஸ்லைடையும் காட்டினார். வியர்வை, டியோடரன்ட், பரு, காரணமில்லாமல் வரும் கோபம், பேட் எப்படி வைப்பது. நான் பயந்த பகுதி இயர் 6-இல் ஒரே ஒரு வகுப்பு. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வருடம், பத்து வயதில், பள்ளியில் இருக்கும்போதே அவளுக்கு மாதவிலக்கு வந்தது. நேராக ஆசிரியையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், பேட் வாங்கி வைத்துக்கொண்டு மதிய வகுப்புக்கும் போயிருக்கிறாள். மாலையில் கேட் வாசலில் மெதுவாக என் காதில் சொன்னாள். எனக்கு வந்த அன்று, எங்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் அரை நாள் அழுதுகொண்டிருந்தேன். என் மகளுக்கு அந்த அரை நாள் இல்லாமல் போனது பற்றி எனக்கு இருக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

பெண் பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்தே மாற்றங்கள் தொடங்கலாம், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து. அதற்கும் முன்னால் தொடங்கினால் ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) காட்டுங்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் பேட்களை இலவசமாகப் பெற்று வைத்துக்கொள்ள 2020-இல் ஒரு திட்டம் வந்தது, பிரைமரிக்கும் அது உண்டு. யாரிடம் கேட்க வேண்டும் என்று மகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். அப்பாக்களுக்கும் ஒன்று. பெண் பிள்ளையிடமாவது அம்மா ஏதாவது பேசிவிடுகிறார். ஆண் பிள்ளையிடம் நம் வீடுகளில் யாருமே பேசுவதில்லை. குரல் உடைவதையும் மீசை அரும்புவதையும் கிண்டல் செய்வதோடு விட்டுவிடுகிறோம். அவனிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடலின் பெயர்கள்.

நம் வீடுகளில் அந்தரங்க உறுப்புகளுக்குச் செல்லப் பெயர்கள்தான் உண்டு. வீட்டுக்கு வீடு மாறும். புத்தகத்தில் இருக்கும் "பிறப்புறுப்பு" என்ற சொல்லை ஐந்து வயதுப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. ஊரில் இருக்கும்வரை இது பெரிய சிக்கல் இல்லை, கேட்பவருக்கும் தமிழ் தெரியும். இங்கே யோசித்துப் பாருங்கள். யாரோ தவறாகத் தொட்டுவிட்டார்கள், அல்லது அங்கே வலிக்கிறது. பிள்ளை டீச்சரிடம் போய் உங்கள் வீட்டுச் செல்லப் பெயரைச் சொல்கிறது. டீச்சருக்கு அது ஏதோ பொம்மையின் பெயராகப் படலாம், சிரித்துவிட்டுப் போய்விடலாம். பிள்ளை இரண்டாவது முறை சொல்லாது. அதனால்தான் பீனிஸ் (ஆணுறுப்பு), வல்வா (பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பு) என்ற சொற்களைச் சின்ன வகுப்பிலேயே பல பள்ளிகள் சொல்லித்தருகின்றன. வீட்டில் உங்கள் சொல்லே இருக்கட்டும். கூடவே, "டீச்சரிடமும் டாக்டரிடமும் இப்படிச் சொல்லணும்" என்று இந்தச் சொல்லையும் குளிப்பாட்டும்போது சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். முதல் தடவை நமக்குத்தான் நாக்கு கூசும். பிள்ளைக்கு அது மூக்கு, முழங்கை போல இன்னொரு சொல்தான்.

என்.எஸ்.பி.சி.சி என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பின் "பேன்ட்ஸ்" (உள்ளாடை) விதியும் பல பள்ளிகளில் உண்டு. பேன்டோசாரஸ் என்ற மஞ்சள் டைனோசர் அதைப் பாடிக் காட்டும். உள்ளாடை மூடும் இடம் உன்னுடையது, உன் உடல் உனக்குச் சொந்தம், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனதை வருத்தும் ரகசியத்தைச் சொல்லிவிடு, பயப்படாமல் பேசு, யாராவது உதவுவார்கள். இதைப் படித்துவிட்டு வந்த என் சின்னவன், வீட்டுக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். நான் கட்டாயப்படுத்தினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உறைத்தது. பள்ளியில் ஒன்று சொல்லி, வீட்டில் நாம் அதற்கு நேர்மாறாகச் செய்தால் பிள்ளை எதை நம்பும்? இப்போது வணக்கம் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டோம். மாமா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்று ஐஸ்கிரீம் வாங்கித் தருவதையும் நிறுத்திவிட்டேன். ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். சர்ப்ரைஸ் ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஒரு பிள்ளை கவலைப்படும்படி எதையாவது சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்க மாட்டார். பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று பள்ளியில் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவரிடம் போகும். வீட்டில் அடி விழுவதும் இதில் சேர்த்தி. பெற்றோர் அடிப்பதைச் சட்டம் ஸ்காட்லாந்தில் 2020 நவம்பரிலும் வேல்ஸில் 2022 மார்ச்சிலும் முழுவதும் தடுத்துவிட்டது. இங்கிலாந்தில் அப்படி முழுத் தடை இல்லை என்பதற்காக அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தழும்பு பட அடித்தால் இங்கும் வழக்காகலாம்.

இரண்டு பேர் என்னிடம் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒருவரின் ஆறு வயது மகன், வகுப்பில் ஒருவனுக்கு இரண்டு அம்மா என்று வந்து சொன்னானாம். இது உறவுக் கல்வியில் வரும், விலக்க முடியாது. தாத்தா பாட்டி வளர்க்கும் குடும்பம், அம்மா மட்டும் உள்ள குடும்பம், தத்தெடுத்த குடும்பம் என எல்லாம் இதில் உண்டு. நான் என் பிள்ளையிடம், "அவனுக்கும் அவன் வீடு பிரியமான வீடுதான், அதை வைத்துக் கேலி செய்யக் கூடாது" என்றேன். உங்கள் குடும்பத்தின் நம்பிக்கைகளை வீட்டில் நீங்கள் பேசுவதை யாரும் தடுக்கவில்லை.

இன்னொருவர் வேல்ஸுக்கு மாறுகிறார், அங்கும் இப்படித்தானா என்று கேட்டார். அங்கே சட்டம் வேறு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் உறவு, பாலியல் கல்வி எல்லா வயதினருக்கும் கட்டாயம். விலக்கும் உரிமை கிடையாது. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு, போய்ச் சேரும் பள்ளியிலேயே கேளுங்கள்.

இதற்குப் பிறகும் அந்த ஒரு வகுப்பு வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் உரிமை, நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருந்த முப்பது பிள்ளைகளும் மதிய இடைவேளையில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அது அரைகுறையாகத்தான் வந்து சேரும். விலக்கினால் அன்று மாலையே அதே விஷயத்தை நீங்கள் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கும்.

பள்ளியின் ஆர்.எஸ்.எச்.இ (உறவு, பாலியல், உடல்நலக் கல்வி) பாலிசி அதன் இணையதளத்தில் இருக்கும். எந்த வகுப்பில் என்ன வருகிறது என்பதை அதில் பாருங்கள். அரசின் புதிய வழிகாட்டுதல் 2025 ஜூலையில் வெளியானது, 2026 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. அதற்கேற்பப் பாலிசியைத் திருத்தும்போது பெற்றோரிடம் கருத்துக் கேட்பார்கள், அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நம் ஆட்கள் அங்கே வருவதே இல்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, மெயிலில் மூன்று கேள்வி போதும்: எந்த வாரம் நடத்துகிறீர்கள்? என்ன ஸ்லைடு, என்ன வீடியோ? நான் வந்து முன்கூட்டியே பார்க்கலாமா?