நட்சத்திரத்தில் பிரிஸம் பிடிப்பது யார்?

ராதாபுரம் சர்வேயர்:

இருபது வருஷமாக ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நிலம் அளந்து கொடுக்கிறேன். போன வாரம் உவரிக்கு வடக்கே தேரிக்காட்டில் வேலை. கடைசி எல்லைக்கல்லுக்கு வரும்போது பொழுது அடைந்துவிட்டது. டோட்டல் ஸ்டேஷனில், அதாவது தூரமும் கோணமும் அளக்கிற மெஷினில், 412.386 மீட்டர் என்று விழுந்தது. பிரிஸம் கம்பு பிடித்த பையன் செம்மண்ணில் கால் புதையப் புதைய நடந்து வந்து, முக்காலி பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே திருவாதிரை, சிவப்பாக.

"அண்ணாச்சி, இத அதுக்கு நேரா திருப்புனா எத்தன மீட்டர் காட்டும்?"

ஒன்றும் காட்டாதுடே, ஒளி திரும்பி வந்தால்தானே என்றேன். மெஷின் ஒளியை அனுப்புகிறது, பிரிஸத்தில் பட்டுத் திரும்ப ஆகிற நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. உள்ளே திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கு, என்றாலும் அடிப்படை நேரம்தான். 412 மீட்டர் போய்வர மூன்று மைக்ரோசெகண்ட்கூட ஆகாது.

அவன் விடவில்லை. "பெறவு ஒளியாண்டு ஒளியாண்டுன்னு சொல்லுதாங்களே, அங்க கம்பு பிடிச்சது ஆரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:

தம்பி, அந்தப் பையனுக்கு ஒரு டீ என் கணக்கில்.

நிலாவில் நிஜமாகவே பிரிஸம் இருக்கிறது. 1969இல் அப்பல்லோ 11 ஆட்கள் நூறு கண்ணாடி பதித்த தட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். 1971இல் அப்பல்லோ 15 வைத்ததில் முந்நூறு. உங்கள் கம்பில் இருக்கிற அதே சாதிதான்: கனசதுரத்தின் மூலையை வெட்டி எடுத்த மாதிரி ஒரு கண்ணாடி, எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பிவிடும். நியூ மெக்சிகோவில் அப்பாச்சி பாயின்ட் என்ற இடத்திலிருந்து லேசர் அடிக்கிறார்கள். நிலாவைத் தொடும்போது அந்த ஒளி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஒரு துடிப்பில் ஆயிரம் கோடி கோடி ஒளித்துகள் போனால், திரும்பி வந்து தொலைநோக்கியில் விழுவது ஒன்றோ இரண்டோ. போய்வர இரண்டரை விநாடி. அதை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்று தெரிந்ததும் இப்படித்தான்.

உங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. சந்திரயான் 3 ஏறிப்போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரியில் மகேந்திரகிரியில்தான் எரித்துப் பார்த்தார்கள். அது கொண்டுபோன விக்ரம் லேண்டரின் தலையில் நாசா கொடுத்த எட்டுக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி, நிலாவைச் சுற்றுகிற நாசா விண்கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் அடித்து அதிலிருந்து பதில் வாங்கியது.

சூரியனில் பிரிஸம் வைக்க முடியாது. அதனால் 1961இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அனுப்பி எதிரொலி பிடித்தார்கள். வெள்ளி கிட்டே வரும்போது போய்வர நாலரை நிமிஷம். கோள்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பது கெப்ளர் காலத்திலிருந்தே தெரியும். ஒரு தூரம் கிலோமீட்டரில் கிடைத்தால் போதும், சூரியன் வரை எல்லாம் வந்துவிடும்.

அதற்கு அப்பால் கம்பு பிடிக்க ஆள் இல்லை. ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம், நம் கூப்பிடு தூரம் மாதிரி ஓர் அளவின் பெயர். யாரும் கூப்பிட்டுப் பார்த்து அளந்தது இல்லை. நட்சத்திரத்துக்கு அளப்பது கோணம். ஆறு மாத இடைவெளியில் பூமி 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அதுதான் பேஸ்லைன், அளக்கிற அடிக்கோடு. அதன் இரண்டு முனையிலிருந்தும் பார்க்கும்போது நட்சத்திரம் எவ்வளவு கோணம் அசைந்து தெரிகிறதோ, அதிலிருந்து தூரம். 1838இல் பெஸல் முதலில் ஒரு நட்சத்திரத்துக்கு இதைச் செய்து காட்டினார். பையன் காட்டிய திருவாதிரைதான் இதில் முரண்டு பிடிக்கும். அது அசைகிற கோணத்தைவிட அதன் உருவமே பெரிது, அதிலும் திட்டுத் திட்டான ஒளி. தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை எங்கே வைப்பீர்கள்? அதனால்தான் ஒருவர் 500 ஒளியாண்டு என்பார், இன்னொருவர் 700 என்பார்.

முத்துநகர் மைந்தன்:

பக்கத்து நட்சத்திரத்துக்கு லேசர் அடித்துவிட்டுக் காத்திருந்தால் என்ன?

ராதாபுரம் சர்வேயர்:

போய்வர எட்டரை வருஷம் ஆகுமே. என் பேட்டரி அஞ்சு மணி நேரம் நிற்கும்.

வாத்தியார் சார், ஒரு சந்தேகம். என்னிடம் வந்த வாடகை மெஷின் ஒன்றில் பிரிஸம் கான்ஸ்டன்ட் (பிரிஸத்துக்கு ஏற்றபடி தூரத்தில் செய்கிற திருத்தம்) மாறிக் கிடந்ததைக் கவனிக்காமல், ஒரு தென்னந்தோப்பு முழுக்க ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீட்டர் பிசகி, திரும்ப என் செலவில் அளந்து கொடுத்தேன். நிலாவில் அந்த வம்பு இல்லையா?

பாளை வாத்தியார்:

உண்டு. நிலா லேசாக ஆடுவதால் தட்டு நமக்கு நேராக நிற்பதில்லை. வந்த துகள் தட்டின் எந்த மூலையிலிருந்து திரும்பியது என்று தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் ஒப்பேற்றுகிறார்கள்.

தெற்குக்கரை:

சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு நட்சத்திரம் தன் பிரிஸத்தைத் தானே பிடித்துக்கொண்டது, அதை விட்டுவிட்டாரே.

1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்று வெடித்தது. அது சாவதற்கு முன்பே ஊதித் தள்ளிய வாயு வளையம் சுற்றிலும் இருந்தது. வெடித்த ஒளி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளையத்தைத் தொட்டிருக்கும். ஆனால் வளையம் நமக்குச் சாய்ந்து இருப்பதால் கிட்டத்து ஓரம் முதலில் ஒளிர்ந்தது, தூரத்து ஓரம் கடைசியில். வெடிப்பைப் பார்த்ததிலிருந்து முதல் ஓரத்துக்குச் சுமார் 80 நாள், கடைசி ஓரத்துக்குச் சுமார் 400 நாள். சாய்வால் ஓர் ஓரம் முந்திய அளவுக்கே மற்றது பிந்தும், அதனால் இரண்டுக்கும் நடுவை எடுத்தால் சாய்வு கழிந்து 240 நாள். அதாவது வளையத்தின் ஆரம் 240 ஒளிநாள். அப்புறம் ஹப்பிள் தொலைநோக்கி வளையத்தைப் படம் பிடித்தது, பாதி அகலம் 0.83 செகண்ட் கோணம் (ஒரு டிகிரியில் 3600 செகண்ட்). மீதியை அண்ணாச்சியே போட்டுவிடுவார்.

அந்த மேகம் நம் பக்கத்திலிருந்தே தெரியும். மாசி மாதம் திருவாதிரை உச்சிக்கு வரும்போது நேரே தெற்கே இறங்குங்கள், கடலுக்கு மேலே 12 டிகிரி.

ராதாபுரம் சர்வேயர்:

போட்டேன். ஒரு செகண்ட் கோணத்தில் தெரிகிற பொருள் தன் அளவைப்போல் 206265 மடங்கு தூரத்தில் இருக்கும். அந்த 206265ஐ 0.83ஆல் வகுத்து, 240 நாளை ஒளியாண்டாக்கிப் பெருக்கினால் 1,63,000 ஒளியாண்டு. என்னுடையது 5 செகண்ட் கோணத் துல்லியம் உள்ள மெஷின், அதற்கு அந்த வளையம் ஒரு புள்ளியாகக்கூடத் தேறாது.

நேற்று உவரிக் கரையில் பையனையும் கூட்டிப்போய்ப் பார்த்தேன். காற்றாலைகளின் சிவப்பு விளக்கு முதுகுப் பக்கம் போகிற மாதிரி நின்றால், தண்ணீருக்கு மேலே புகை மாதிரி ஒரு திட்டு. இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பையன் அதைப் பார்த்ததைவிட என் தாளைத்தான் அதிகம் பார்த்தான்.

"வளையம் சாஞ்சு கெடக்குங்கீக. நம்ம கம்புல நேரா நிக்குதான்னு காட்டுத குமிழி மாதிரி ஒண்ணு இல்லாம, எம்புட்டு சாய்வுன்னு எப்படித் தெரியும்?"

சாய்த்தால் வட்டம் ஒரு பக்கம்தான் சுருங்கும், நீளப் பக்கத்தை எடுத்துக்கொண்டால் சாய்வு தேவையில்லை என்றேன். சரி என்று தலையாட்டினான். பிறகு, அது நிஜ வட்டம்தானா, முட்டை வடிவமா இருந்தா என்று கேட்கிறான். தெற்குக்கரை, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.