ஃப்ளட்டரில் பட்டன் அளவு: போனில் சரி, டேப்லெட்டில் பூதம்

வணக்கம் நண்பர்களே. ஃப்ளட்டரில் (ஆப் செய்ய உதவும் கூகுளின் கருவித்தொகுப்பு) பால் கணக்கு எழுதும் ஆப் ஒன்று செய்கிறேன். திரைக்குத் தக்கபடி அளவு வைப்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போதைக்கு மீடியாகுவெரி தரும் திரை அகலத்தில் 13% என்று பட்டன் உயரத்தை வைத்திருக்கிறேன். 360 டிபி (திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவு) அகலமுள்ள போனில் அது கிட்டத்தட்ட 47 டிபி. தொடும் பரப்புக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் 800 டிபி டேப்லெட்டில் அதே பட்டன் 104 டிபி! போனைப் படுக்கவைத்தாலும் இதே கதைதான்; மூன்று பட்டனிலேயே திரை நிறைந்துவிடுகிறது.

சரி என்று எல்லாவற்றுக்கும் 48 டிபி போட்டுப் பார்த்தேன். போன் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கியதும் 'பாக்கியைக் குறி' என்பது இரண்டு வரியாகி, 'கி'யின் மேல்கொக்கியும் 'கு'வின் அடிப்பாகமும் வெட்டுப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 14-இல் 200% வரை பெரிதாக்கலாம் வேறு. எழுத்து எத்தனை மடங்கு பெரிதாகும் என்று தீர்மானிக்கும் டெக்ஸ்ட்ஸ்கேலரை 1-இல் பூட்டிவிடச் சொல்கிறார்கள். பயன்படுத்தப்போவது வயதான பால்காரர்கள், அதற்கு மனம் வரவில்லை.

உயரத்தைக் கட்டாமல், அளவுக்கு வரம்பு வைக்கும் கான்ஸ்ட்ரெயின்ட்பாக்ஸில் குறைந்தபட்சம் 48 மட்டும் கொடுத்து, மீதியைப் பேடிங்குக்கு (எழுத்தைச் சுற்றி விடும் இடம்) விட்டால் போதுமா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன் இருந்து ஒன்று மட்டும் இரண்டு வரியானால் உயரத்தை எப்படிச் சமன் செய்வது? உள்ளிருப்பவற்றின் உயரத்தை முன்பே அளந்து சமன் செய்யும் இன்ட்ரின்சிக்ஹைட் நீளமான லிஸ்ட்டில் ஸ்க்ரோலைத் திணறவைக்கும் என்று பயம்.

அப்புறம், 600 டிபிக்கு மேல் லேஅவுட்டையே மாற்ற அந்த இடத்தில் கிடைக்கும் அகலத்தைப் பார்க்கும் லேஅவுட்பில்டரா, முழுத் திரையைப் பார்க்கும் மீடியாகுவெரியா? உண்மையான ஆப்பில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கோடு துண்டு இருந்தால் இன்னும் நல்லது.