மஞ்சள் தலை ஜாஃபிஷ்: தோண்டுகிற வளை நிற்கவே மாட்டேன் என்கிறது

செல்லூர் முத்து:
வணக்கம் அண்ணன்மாரே. மஞ்சள் தலை ஜாஃபிஷ் (மணலில் வளை தோண்டி வாழும் சின்னக் கடல் மீன்) ஒன்று வாங்கி 9 நாள் ஆகிறது. தொட்டி 3 அடி, அடியில் ஒரு அங்குலம் பொடிமணல். வாய் கொள்ளுமட்டும் மணலை அள்ளிக்கொண்டு வந்து துப்புகிறது, பின்னாலேயே குழி சரிந்து மூடிக்கொள்கிறது, மறுபடி அள்ளுகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. ராத்திரியில் கண்ணாடி ஓரமாக மேலேயே அலைகிறது. வைகை மணலை அலசிப் போடலாமா? மாமா ராமேஸ்வரம் போகிறார், கரையில் கிடக்கும் பவளத் துண்டு எடுத்து வரச் சொல்லலாமா?

உப்புத்தண்ணி:
தம்பி, முதல் வேலையாக இன்றைக்கே தொட்டிக்கு வலை மூடி போடுங்கள். ஒதுங்க வளை இல்லாத ஜாஃபிஷ் மிரண்டு துள்ளிவிடும், காலையில் தரையில்தான் கிடக்கும். அப்புறம் மணல். இதன் ஊர் ஃப்ளோரிடா, பஹாமாஸ், கரீபியன் பக்கம். பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் மணலும் சிப்பித் துண்டும் உடைந்த பவளமும் கலந்து கிடக்கிற தரையில்தான் வளை போடும். நம் ஊரில் கிணறு வெட்டி உறை இறக்குகிற மாதிரிதான், ஒவ்வொரு கல்லாக வாயில் கொண்டுவந்து சுவரில் பதிக்கும். வெறும் பொடிமணலில் அது எதை வைத்துச் சுவர் எழுப்பும்? 5, 6 அங்குல ஆழம் வேண்டும், பொடி, குருணை, விரல்நக அளவு துண்டு எல்லாம் கலந்து. தொட்டி முழுக்க முடியாவிட்டால் ஆழமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நிரப்பி மூலையில் வையுங்கள். வளை அமைந்துவிட்டால் பகலில் அதன் வாசலுக்கு மேலே வால் கீழாக நின்றபடி மிதந்துவரும் இரையைக் கொத்தும், இருட்டினால் உள்ளே போய்க் கல்லால் வாசலை அடைத்துக்கொள்ளும். ஜோடி சேர்ந்தால் முட்டை முழுவதையும் ஆண் மீன்தான் வாயிலேயே வைத்துக் காக்கும், குஞ்சு பொரிக்கும்வரை. அதை ஒரு தடவை பார்த்தவர்கள் இந்த மீனை விடமாட்டார்கள்.

மண்டபத்துக்காரன்:
பவளத் துண்டு வேண்டவே வேண்டாம், மாமாவிடம் சொல்லிவிடுங்கள். செத்த பவளமானாலும் எடுப்பது குற்றம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவு தேசியப் பூங்காவாக இருக்கிறது, இங்கே கரை ஒதுங்கும் துண்டுகளும் நாளைக்கு மணலாக வேண்டியவை. மீன் கடையில் அரகனைட் என்று கடல் தொட்டிக்கான சுண்ணாம்பு வகை மணலும் துண்டும் கிடைக்கும். வைகை மணலில் களிமண்ணும் இன்னும் என்னென்னவோவும் வரும், அதை விட்டுவிடுங்கள்.

திருநகர் அக்கா:
சித்திரை வெயிலையும் நினைத்துக்கொள் தம்பி. தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. தண்ணீர் மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வை. ஆவியாகிக் குறைவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று. உப்பு ஆவியாகாது, உப்புத்தண்ணீரையே ஊற்றினால் அடர்த்தி ஏறிவிடும்.

செல்லூர் முத்து:
வலை மூடி போட்டாச்சு. மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கடையில் அரகனைட் வாங்கி டப்பாவில் நிரப்பி வைத்து ரெண்டு நாள் ஆச்சு. முதலில் பக்கத்திலேயே போகவில்லை, இன்று மத்தியானம் தன் தலையளவு துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு டப்பா மூலைக்குப் போயிருக்கிறது. இப்போது வெளியே தெரிவது கண்ணும் மஞ்சள் நெற்றியும் மட்டும்தான்.