மறுமொழி: கடவுளின் இனமும் பாலும் மாறும் ஓவியங்கள் – கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கடவுள், இயேசு, மரியாள் உருவங்களை வழக்கமான இனத்தையோ பாலையோ மாற்றிப் படைப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு நீங்கள் அனுப்பிய யோசனைகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

> 'மறுகற்பனை' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. அந்த 'மறு'தான் உறுத்துகிறது. மறு என்றால் முன்னால் ஓர் அசல் இருந்தாக வேண்டும். சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் (1508–1512) மைக்கேலாஞ்சலோ வரைந்த நரைத்த தாடி வெள்ளைக்காரரை அசல் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? சிரியாவின் துரா யூரோப்போஸ் யூதத் தொழுகைக்கூடத்தில் மூன்றாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கிடைத்தன. அவற்றில் கடவுளுக்கு முகமே கிடையாது. மேலிருந்து நீளும் கை மட்டும்தான். தொடக்ககாலக் கிறித்தவக் கலையிலும் தந்தையாகிய கடவுளைப் பெரும்பாலும் அந்தக் கையாலேயே காட்டினார்கள். தாடி பிற்பாடு முளைத்தது. 'மறு' போட்டால் தாடி வரைந்தவர் மூலகர்த்தா ஆகிவிடுவார், கறுப்பினப் பெண்ணாக வரைந்தவர் அதைத் திருத்தியவர் ஆகிவிடுவார். கலைச்சொல் இப்படித் தீர்ப்பு எழுதக் கூடாது.

> 'மறுரூபமாக்கல்' – ஓசையும் நன்றாக இருக்கிறது.

அம்மா, ஓசை நன்றுதான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் மலைமேல் இயேசு 'மறுரூபமானார்'. திருச்சபை வாசகர் வேறெதையும் நினைக்க மாட்டார்.

'பாலின மாற்றம்' என்று தொடங்கும் தொடர்களையும் விட்டுவிடலாம். அறுவைச் சிகிச்சை நினைவுதான் வரும். 'உருப்பெயர்ப்பு' என்ற நண்பரின் சொல் மொழிபெயர்ப்பை ஒட்டி அழகாகவே பிறந்தது. ஆனால் சிலைகளைப் பெயர்த்தெடுத்துக் கடல் கடத்திய நாட்டில் அதைப் பத்திரிகைத் தலைப்பில் வைத்துப் பாருங்கள்!

என் பரிந்துரை: சாயல்மாற்றம்.

மூன்று படைப்புகளில் உரசிப் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் ஹார்மோனியா ரோசாலெஸ் 2017இல் இணையத்தில் வெளியிட்ட 'The Creation of God' என்ற ஓவியத்தில், மைக்கேலாஞ்சலோ அந்த விதானத்தில் வரைந்த 'ஆதாமைப் படைத்தல்' காட்சியின் அமைப்பு அப்படியே இருக்கிறது; ஒன்றை நோக்கி ஒன்று நீளும் அதே இரு கைகள். ஆனால் கடவுளும் கறுப்பினப் பெண், ஆதாமும் கறுப்பினப் பெண். இனமும் பாலும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. (தலைப்பைக் 'கடவுளின் படைப்பு' என்று பெயர்த்துவிடாதீர்கள், பொருள் தலைகீழாகிவிடும், 'கடவுளைப் படைத்தல்' என்பதே சரி.) டெட்ராய்ட்டில் ஆல்பர்ட் கிளீக் போதகராக இருந்த தேவாலயத்தில் 1967 ஈஸ்டர் அன்று திறந்துவைத்த கறுப்பு மரியாள் ஓவியத்தில் இனம் மட்டும் மாறியிருக்கிறது. சிற்பி எட்வினா சாண்டிஸ் 1975இல் வார்த்த 'கிறிஸ்டா' வெண்கலச் சிலையில் பால் மட்டும்: சிலுவையில் இயேசுவின் இடத்தில் ஆடையற்ற பெண். 1984இல் நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அகற்றினார்கள். 2016இல் அதே பேராலயத்தில் மீண்டும் வைத்தார்கள். மூன்றையும் 'சாயல்' தாங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆதியாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் மனிதன் 'தேவசாயலாக', அதுவும் 'ஆணும் பெண்ணுமாக' படைக்கப்படுகிறான். இந்த ஓவியர்கள் வழக்காடுவதே அந்த வசனத்தை வைத்துத்தான்: நாங்களும் அந்தச் சாயல் என்றால், அந்தச் சாயலில் எங்கள் முகம் எங்கே?

'சாயல் மென்மை' என்று, சாயலுக்கு மென்மையைத்தானே பொருளாகச் சொல்கிறது தொல்காப்பியம் என்று புலவர் யாராவது கேட்பார். கேட்கட்டும், மயிலுக்கு அந்தப் பொருள் இருக்கட்டும். தந்தையின் சாயல் மகளுக்கு என்று சொல்லும் ஊரில் இதற்கு உரை வேண்டாம்.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை உடுத்துவது இதில் சேராது. அது உடை, பண்பாட்டுமயமாதல் என்ற தலைப்பில் போகட்டும். அர்த்தநாரீசுவரரும் சேர மாட்டார். அது மரபு தந்த திருவுருவம். பழகிப்போன உருவத்தை எதிர்த்து ஓவியர் செய்த மாற்றமல்ல.

பெயரடையாகச் 'சாயல்மாற்று ஓவியம்', வினையாகச் 'சாயல் மாற்றி வரைதல்'. பட்டியலில் சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று வரைவு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்