பிளஸ் ஒன்னில் பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

கேள்வி: தங்கை பத்தாவது முடித்துவிட்டாள். டாக்டர் ஆசையும் இருக்கிறது, கணக்கும் பிடிக்கிறது. வீட்டிலோ, ஐடி வேலைக்குப் போக கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எதை எடுக்கலாம்?

மலர்: பயோ மேத்ஸ்தான். நீட்டுக்கு உயிரியல் வேண்டும். பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் 200க்கு, அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அவ்வளவுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அதில் சேரவே சேராது. பள்ளியில் அதைப் படிக்காமலே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரலாம்.

சேகர்: சரிதான், ஆனால் சுமை அதிகம்ங்க. உயிரியல் என்றாலே தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம், கூடவே கணிதமும். தங்கையிடம் அந்தப் புத்தகங்களைக் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி, இன்றே வாங்கித் தருகிறேன்.