காதுக்குள் ஓயாத தறி

மதுரை செல்லூரில் 26 வருடம் விசைத்தறி ஓட்டினேன். தறிக்கூடத்தில் பக்கத்து ஆளிடம் எதையும் காதருகே போய்க் கத்தித்தான் சொல்ல வேண்டும். பாதிப் பேச்சு கைச்சாடைதான். மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் இரவு கரண்ட் போய், தெருவில் இருந்த தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. எனக்கு மட்டும் சில்வண்டு கத்துவது நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பீரோவுக்குப் பின்னால் தேடினேன். "ஒரு சத்தமும் இல்லையே, என்ன தேடுகிறீர்கள்?" என்று மனைவி கேட்டபோதுதான் வண்டு என் தலைக்குள் இருப்பது புரிந்தது. இதைத்தான் காது இரைச்சல் என்கிறார்கள்.

பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். யாரோ கொடுத்த மூலிகைச் சொட்டும் போட்டேன். பலன் இல்லை. தயவுசெய்து யாரும் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கடைசியில் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டேன். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலி, வரும் இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். பரிசோதித்த அம்மா பொறுமையாக விளக்கினார். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன, செத்தவை திரும்ப முளைக்காது. அங்கிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிவிடுகிறது. நரம்புகளின் துள்ளலை அடக்க காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தறிக்கு பிரேக் எப்படியோ, நரம்புக்குக் காபா அப்படி. அந்தப் பிடி தளர்ந்தால் வெளியே சத்தம் இல்லாதபோதும் நரம்புகள் தாமாகவே இயங்கும்.

"அப்படியானால் காபா மாத்திரை போதாதா?" என்று கேட்டேன். வாயில் போடுவது மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேருவதாக உறுதியில்லை என்றார். காபாவின் வேலையைத் தூண்டும் தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும் என்று எச்சரித்தார். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. அன்று எனக்கு அழுகையே வந்தது.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னைத் தேற்றியது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, சத்தம் அநேகமாக எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதை ஆபத்து என்று மூளை குறித்துக்கொண்டால்தான் தொல்லை. எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் தறிச் சத்தத்தில் அயர்ந்து தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொள்ளும். எது பழகிய சத்தம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. ராத்திரிதோறும் "இன்னும் கேட்கிறதா?" என்று சோதிப்பதை விட்டேன். காதுக்கருவி மாட்டிக்கொண்டேன். படுக்கும்போது மெல்லிய மழைச் சத்தம் ஓடவிடுகிறேன். எட்டு மாதம் ஆயிற்று. சத்தம் போகவில்லை, ஆனால் தூக்கம் வந்துவிட்டது.

திருநகரிலிருந்து ஒரு சகோதரி:
அண்ணன் எழுதியதைப் படித்து மனம் நெகிழ்ந்தது. எனக்கும் காது இரைச்சல் உண்டு. கணவர் இறந்த பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தேன். இரண்டே வாரத்தில் இரைச்சல் கூடியது. மருத்துவரிடம் சொன்னதும் அவர் அலட்சியம் செய்யவில்லை. செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை அந்த மாத்திரை கூட்டும், அது கூடும்போது செவிநரம்பு வந்து சேரும் மூளைத்தண்டுப் பகுதியின் செல்கள் அதிகமாகத் துடிப்பதை 2017இல் எலிகளிடம் கண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, மருந்தை மெதுவாக மாற்றிக் கொடுத்தார். இரைச்சல் பழைய அளவுக்கு இறங்கியது. அதே மாத்திரையால் மனமும் தூக்கமும் தெளிந்து, இரைச்சலின் பாரம் குறைந்தவர்களும் உண்டு என்றார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இந்த இரைச்சல் இடது காதில் மட்டும்தான் கேட்கிறது, அது பரவாயில்லையா அண்ணா?

செல்லூர்க்காரர்:
இல்லை அம்மா, அதை விட்டுவைக்காதீர்கள். இரைச்சல் ஒரே காதில் கேட்டாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலும் ஸ்கேன் தேவைப்படலாம் என்று என்னிடம் முதலிலேயே சொன்னார்கள். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும், நாள் கடக்கக் கடக்க ஸ்டீராய்டு மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் மனைவி வருகிறேன் என்கிறாள்.